நண்பனுக்காக நான் விளம்பரம் கொடுத்தால் ஆபத்து யாருக்கு?

கொங்கு வட்டாரத்துச் சிறுநகரம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். வயது 52. தேங்காய் நார் மில் நடத்துகிறார். நேற்றுவரை சொந்தப் பெயரில் இருந்த தொழிலைப் போன வருடம்தான் பிரைவேட் லிமிடெட் ஆக்கியிருக்கிறார். அவரும் மனைவியும் இயக்குநர்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பர், அங்கீகரிக்கப்பட்ட ஒரு கட்சியின் வேட்பாளராகச் சட்டமன்றத் தேர்தலில் நிற்கிறார். அவருக்காக ஆறு லட்சம் ரூபாயைக் கைக்காசிலிருந்து செலவு செய்ய வாசகருக்கு ஆசை. நாளிதழில் அரைப்பக்க விளம்பரம், உள்ளூர் கேபிளில் முப்பது நொடி விளம்பரம், அக்காள் மகன் நடத்தும் ஃபேஸ்புக் பக்கத்தில் 'பூஸ்ட்', கொஞ்சம் நோட்டீஸ் என்று திட்டம் போட்டிருக்கிறார்.

அவருடைய கேள்விகளைச் சுருக்கித் தருகிறேன். "நண்பனுக்குத் தெரிந்தால் அவன் செலவுக் கணக்கில் ஏறிவிடும். அதனால் அவனுக்குச் சொல்லாமலே செய்கிறேன், சரிதானே? தேர்தல் பத்திரத் தீர்ப்புக்கு அப்புறம் கட்சிக்குப் பணம் கொடுப்பதே குற்றம் என்கிறார் மைத்துனர், உண்மையா? பணம் செலவு செய்வதும் பேச்சுரிமைதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதாக ஒரு வீடியோவில் பார்த்தேன், நமக்கும் அது பொருந்துமா? விளம்பரமாகப் போட்டால் கணக்கில் வரும், செய்தியாகவே போட்டுத் தருகிறோம் என்கிறார் பத்திரிகை ஏஜென்ட், ஒப்புக்கொள்ளலாமா? எதிர்க்கட்சிக்காரர்களும் என்னிடம் சரக்கு எடுப்பவர்கள், என் பெயர் வெளியே வரக்கூடாது. நோட்டீஸ் அடிக்கப் போனால் அச்சகக்காரர் இரண்டு சாட்சி கேட்கிறார், எதற்கு? எல்லோரும் செய்வதுதானே இதெல்லாம்?"

விளம்பர மாதிரியையும் இணைத்திருக்கிறார். மேலே நண்பரின் படம், பக்கத்தில் சின்னம். நடுவில், ஏரிக்கரை வேலையில் இப்போதைய எம்.எல்.ஏ. கமிஷன் வாங்கினார் என்று ஒரு வரி. அவருடைய குடும்ப வாழ்க்கையைப் பற்றி இன்னொரு வரி. கீழே, 'இவண்: தொகுதி நலன் விரும்பிகள்.'

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் எண்ணத்தில் தப்பில்லை. கூடப் படித்தவர் தேர்தலில் நிற்கும்போது கை கொடுக்க நினைப்பது இயல்பு. ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் வழி, உங்கள் நண்பர் ஜெயித்தாலும் அவரைக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தக்கூடிய வழி. அந்த அரைப்பக்கத்தில் எனக்கு முதலில் உறுத்தியது எம்.எல்.ஏ.வைப் பற்றிய வரிகள் அல்ல, கடைசி வரிதான். சாதி, மதம் தொடர்பான கட்டுப்பாடுகளை விட்டுவிட்டால், தேர்தல் பணம் பற்றி நம் நீதிமன்றங்கள் ஐம்பது வருடமாகச் சொல்லிவருவது பெரும்பாலும் ஒன்றைத்தான்: கொடு, ஆனால் யார் கொடுத்தது என்று தெரியும்படி கொடு. 'தொகுதி நலன் விரும்பிகள்' என்பது அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது.

"அவனுக்குத் தெரியாமல் செய்தால் கணக்கில் வராது"

இதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்; உங்கள் திட்டமே இதன்மேல்தான் நிற்கிறது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 77-வது பிரிவின்படி, வேட்புமனு தாக்கல் செய்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள்வரை வேட்பாளரோ அவருடைய தேர்தல் முகவரோ செய்த செலவுக்கும், அவர்கள் அனுமதித்துப் பிறர் செய்த செலவுக்கும் கணக்கு வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிக்கான உச்சவரம்பு 2022 ஜனவரியில் 40 லட்சமாக உயர்த்தப்பட்டது. அதைத் தாண்டினால் 123(6) பிரிவின்படி அது ஊழல் நடத்தை. வெற்றியே செல்லாமல் போகலாம்.

'அனுமதித்த' என்ற இடத்தில்தான் பழைய சண்டை. 1971 மக்களவைத் தேர்தலில் டெல்லி சதர் தொகுதியில் ஜெயித்த அமர்நாத் சாவ்லாவை எதிர்த்துக் கன்வர்லால் குப்தா தொடுத்த வழக்கில் 1974 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனக்காகக் கட்சி செலவு செய்கிறது என்று தெரிந்தும், வேட்பாளர் தடுக்காமல் அதன் பலனை அனுபவித்தால், அவர் மறைமுகமாக அனுமதித்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார் நீதிபதி பகவதி. சாவ்லாவின் தேர்தல் ரத்தானது. அடுத்த பதினாறாவது நாளே ஒன்றிய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது: கட்சியோ நண்பர்களோ செய்யும் செலவு வேட்பாளரின் கணக்கில் சேராது என்று 77-வது பிரிவுக்கு ஒரு விளக்கம் ஒட்டப்பட்டது. அந்த நேரத்தில் அலகாபாத்தில் இந்திரா காந்தியின் தேர்தலை எதிர்த்த வழக்கு நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவசரம் எதற்கு என்று புரியும்.

உங்கள் ஊரில் பெரியவர்கள் யாராவது "நண்பர்கள் செய்யும் செலவு கணக்கில் வராது" என்று சொல்லியிருந்தால், அவர்கள் சொல்வது பொய்யல்ல, பழைய சட்டம். சுமார் முப்பது வருடம் அதுதான் நடைமுறை. 2003-இல் அந்த விளக்கத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது விலக்கு இருப்பது, பிரசாரத்துக்கு வரும் நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவுக்கு மட்டும்தான்.

ஆகவே உங்கள் திட்டத்துக்கு இரண்டே முடிவுகள். நண்பருக்குத் தெரிந்து அவர் சும்மா இருந்தால், மறைமுக அனுமதி என்ற வாதம் எழும். செலவு அவர் தலையில் ஏறும், அவரோ அதைக் கணக்கில் காட்டியிருக்க மாட்டார். அவருக்கு நிஜமாகவே தெரியாது என்றால், மாட்டுவது நீங்கள். வேட்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அவர் வெற்றிக்காகக் கூட்டம், விளம்பரம், துண்டறிக்கை என்று எதற்குச் செலவு செய்தாலும் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 171-எச். 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 176-வது பிரிவு. அப்போது அபராதம் 500 ரூபாய், இப்போது 10,000 ரூபாய் வரை. தொகை சின்னதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வழக்கின் காகிதம் சும்மா கிடக்காது.

எப்படி என்று சொல்கிறேன். உங்கள் நண்பர் எண்ணூறு ஓட்டில் ஜெயிக்கிறார் என்று வையுங்கள். தோற்றவர் 45 நாளுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். அவருடைய வக்கீல் முதலில் தேடுவது, பிரசார நாட்களில் வந்த நாளிதழ்களைத்தான். அரைப்பக்கத்தைக் கத்தரித்து, பத்திரிகையின் கட்டண அட்டையை அதன்கூட வைத்து, 'இந்தச் செலவு கணக்கில் எங்கே?' என்று கேட்பார். உங்கள் பெயரில் பில் இருக்கும். நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏறி, "அவனுக்குத் தெரியாது" என்று சத்தியம் செய்ய வேண்டும். ஒரே பெஞ்சு நண்பர், தினம் இருவரும் போனில் பேசுகிறீர்கள், வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறீர்கள். குறுக்கு விசாரணையில் இது எத்தனை நிமிடம் தாங்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

வேட்புமனுவுக்கு முன்பே செலவழித்துவிட்டால் தப்பிக்கலாம் என்று அடுத்து யோசிப்பீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். முன்பே அடித்து வைத்த நோட்டீஸை மனுத் தாக்கலுக்கு அப்புறம் விநியோகித்தால் அதுவும் கணக்கில் சேரும்.

மைத்துனர் சொன்ன தேர்தல் பத்திரத் தீர்ப்பு

மைத்துனர் பாதி கேட்டிருக்கிறார். 2024 பிப்ரவரி 15 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, வங்கியில் பத்திரம் வாங்கிப் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குக் கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. கட்சிக்குப் பணம் கொடுப்பதைத் தடை செய்யவில்லை. பெயர் தெரியாமல் கொடுப்பதைத்தான் தடுத்தது. ஒரு கட்சிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது, வாக்காளர் யோசித்து ஓட்டுப் போட அவசியமான தகவல். அது கருத்துரிமையில், அதாவது அரசமைப்பின் 19(1)(அ) பிரிவில் அடங்கும் என்றது.

"வங்கி வழியாக வந்த வெள்ளைப் பணம்தானே, அதில் என்ன தப்பு?" என்று அப்போது நிறைய பேர் கேட்டார்கள். வெள்ளைதான். ஆனால் பத்திரம் வாங்கியவர் பெயர் பாரத ஸ்டேட் வங்கிக்குத் தெரியும், ஓட்டுப் போடும் உங்களுக்கும் எனக்கும் தெரியாது. ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது, நீதிமன்றம் மறுத்துவிட்டது. மார்ச் மாதம் தேர்தல் ஆணையம் பட்டியலை வெளியிட்டபோது முதலிடத்தில் இருந்தது, உங்கள் பக்கத்துக் கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி நிறுவனம் ஃப்யூச்சர் கேமிங்: 1,368 கோடி ரூபாய். அதுவரை டீக்கடையில் ஊகமாகப் பேசியதெல்லாம் ஒரே நாளில் எண்ணாக வந்து நின்றது.

உங்களுக்கு இந்தத் தீர்ப்பில் உண்மையில் பயன்படும் பகுதி வேறு. 'என் பெயர் தெரிந்தால் வியாபாரம் கெடும்' என்கிறீர்களே, அதே வாதத்தை அரசுத் தரப்பும் வைத்தது. நீதிமன்றம் அதைத் தூக்கிப் போடவில்லை. ஒருவரின் அரசியல் சார்பும் அவருடைய அந்தரங்க உரிமைக்குள் வரும் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் கொள்கையை வளைக்கக் கொடுக்கும் பெருந்தொகைக்கு அந்தக் குடை கிடையாது என்றது. ஒரு நிதியாண்டில் ஒருவரிடமிருந்து 20,000 ரூபாய்க்கு மேல் வந்தால்தான் கட்சி அவர் பெயரைத் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29-சி பிரிவு. சின்னத் தொகை கொடுப்பவரின் அந்தரங்கத்துக்கு அந்த வரம்பே பாதுகாப்பு. பெயர் வெளியே வராமல் இருப்பதுதான் உங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் என்றால், அந்த வரம்புக்குள் கொடுங்கள். ஆறு லட்சத்தை மில்லில் வேலை செய்பவர்கள் பெயரில் முப்பதாகப் பிரித்துப் போடும் யோசனை வந்தால் உடனே கைவிடுங்கள். வரித்துறை போலி நன்கொடைகளை இப்போது கூர்ந்து பார்க்கிறது. உங்களுக்காக அந்த முப்பது பேர் நோட்டீஸுக்குப் பதில் எழுத வேண்டி வரும்.

கம்பெனிக் கணக்கிலிருந்தும் வேண்டாம். நிறுவனச் சட்டம் 182-வது பிரிவின்படி, தொடங்கி மூன்று நிதியாண்டு ஆகாத நிறுவனம் கட்சிக்கு நன்கொடை தரவே முடியாது. உங்களுடையது போன வருடம் பதிவானது. மீறினால் கொடுத்த தொகையைப் போல் ஐந்து மடங்குவரை அபராதம். இயக்குநர்களுக்கு ஆறு மாதம்வரை சிறையும் உண்டு. அந்த இயக்குநர்களில் ஒருவர் உங்கள் மனைவி. கொடுப்பதாக இருந்தால் உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து கொடுங்கள்.

அமெரிக்கா சொன்னது

நீங்கள் பார்த்த வீடியோ, 2010 ஜனவரியில் வந்த 'சிட்டிசன்ஸ் யுனைடெட்' தீர்ப்பைப் பற்றியதாக இருக்கும். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வந்த தீர்ப்பு. நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் வேட்பாளரோடு சேராமல் தனியாகச் செய்யும் தேர்தல் செலவை அரசு தடுக்க முடியாது என்றது. அதற்கு அடித்தளம் 1976-இன் 'பக்லி எதிர் வலேயோ' வழக்கு: அதில் வேட்பாளரின் செலவு உச்சவரம்பு ரத்தானது, ஆனால் வேட்பாளருக்குக் கொடுக்கும் நன்கொடைக்கான உச்சவரம்பு நிலைத்தது. வீடியோவில் விட்டுப்போயிருக்கக்கூடிய சேதி ஒன்று உண்டு. விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தது யார் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற விதியை அதே 2010 தீர்ப்பில் ஒன்பது பேரில் எட்டு நீதிபதிகள் ஆதரித்தார்கள். நீங்கள் பெயரை மறைக்கவும் அமெரிக்காவைத் துணைக்கு அழைக்கிறீர்கள். அந்தத் தீர்ப்பு அதற்கு உதவாது.

எப்படியானாலும் அது இங்கே பொருந்தாது. நம் அரசமைப்பு பேச்சுரிமையைக் கொடுத்த கையோடு 19(2)-இல் நியாயமான கட்டுப்பாடுகளுக்கும் இடம் வைத்திருக்கிறது. பணக்கார வேட்பாளருக்கும் ஏழை வேட்பாளருக்கும் போட்டி ஓரளவாவது சமமாக இருக்க வேண்டும் என்பதுதான் கன்வர்லால் குப்தா தீர்ப்பின் அடிநாதம். செலவு வரம்பு இந்தியாவில் செல்லும்.

கேபிளும் ஃபேஸ்புக்கும்

கேபிள் டிவி விதிகளில் அரசியல் விளம்பரத்துக்கே தடை இருந்தது. ஜெமினி டிவி வழக்கில் ஆந்திர உயர் நீதிமன்றம் அந்தத் தடையில் கை வைக்க, விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. 2004 ஏப்ரல் 13 உத்தரவுப்படி, முன்சான்று வாங்கிவிட்டு ஒளிபரப்பலாம். இன்று மாவட்டந்தோறும் இருக்கும் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு அதிலிருந்து வளர்ந்ததுதான். கலெக்டர் அலுவலகத்தில் விசாரித்தால் காட்டுவார்கள்.

உங்களுக்கு முக்கியமானது அந்த உத்தரவின் நுணுக்கம். அங்கீகரிக்கப்பட்ட கட்சியோ வேட்பாளரோ என்றால் மூன்று நாள் முன்னால் விண்ணப்பித்தால் போதும். மற்றவர்கள் ஏழு நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும். கூடவே, இந்த விளம்பரம் எந்தக் கட்சியின், வேட்பாளரின் நன்மைக்காகவும் அல்ல, அவர்கள் யாரும் இதற்குப் பணம் தரவில்லை என்று சத்தியப் பிரமாணம் தர வேண்டும். கட்டணம் காசோலை அல்லது வரைவோலையாகத்தான். நண்பரின் படத்தையும் சின்னத்தையும் போட்டுவிட்டு, 'யாருடைய நன்மைக்காகவும் அல்ல' என்று எப்படிச் சத்தியம் செய்வீர்கள்? கேபிள் விளம்பரம் வேண்டுமென்றால் நண்பர் பெயரில், அவர் கணக்கில் போகட்டும், வேறு வழியில்லை. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் டிவியில் தேர்தல் பிரசாரமே கூடாது.

காசு கொடுத்துச் செய்யும் சமூக ஊடக விளம்பரத்துக்கும் இதே முன்சான்று தேவை என்று தேர்தல் ஆணையம் 2013-லேயே சொல்லிவிட்டது. போதாக்குறைக்கு, அரசியல் விளம்பரம் தருபவரின் அடையாளத்தை ஃபேஸ்புக் நிறுவனம் சரிபார்க்கிறது. யார் பணம் கட்டியது என்பது விளம்பரத்தின் மேலேயே வரும், அவர்களுடைய விளம்பர நூலகத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். பூஸ்ட் செய்தால் அங்கே உங்கள் அக்காள் மகன் பெயர்தான் நிற்கும். கல்லூரியில் படிக்கும் பையனை ஏன் இதில் இழுக்கிறீர்கள்?

காசு கொடுக்காமல் உங்கள் சொந்தப் பக்கத்தில், உங்கள் பெயரில் நண்பரைப் பற்றி எழுதுவதற்கு முன்சான்று தேவையில்லை. அதை ஆணையம் விளம்பரமாகப் பார்ப்பதில்லை.

ஏஜென்ட் சொல்லும் 'பேக்கேஜ்'

வேண்டாம். விளம்பரத்தைச் செய்தி போல் போடும் இந்த வழிதான் எல்லாவற்றிலும் மோசமானது. விளம்பரத்திலாவது அது விளம்பரம் என்ற நேர்மை இருக்கிறது.

2009 மகாராஷ்டிரா தேர்தலில் போகர் தொகுதியில் நின்ற அசோக் சவானைப் பற்றிப் பக்கம் பக்கமாக வந்த புகழுரைகள் பெரிய வழக்கானது. கணக்கு கொடுத்தாரா என்று பார்ப்பதோடு நிற்காமல், அந்தக் கணக்கு உண்மையா என்று விசாரிக்கவும் தேர்தல் ஆணையத்துக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10-ஏ பிரிவில் அதிகாரம் உண்டு என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவறான கணக்குக்குத் தண்டனை மூன்று வருடத் தகுதிநீக்கம். உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ் 2011-இல் இப்படித்தான் தகுதி இழந்தார்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சவானுக்கு எதிரான ஆணைய உத்தரவை டெல்லி உயர் நீதிமன்றம் பின்னால் ரத்து செய்தது. மத்தியப் பிரதேசத்தின் நரோத்தம் மிஸ்ரா 2008 தேர்தலில் காசு கொடுத்துச் செய்தி போட்ட விவகாரத்தில் 2017-இல் தகுதிநீக்கம் ஆனார். செலவை அவர் அனுமதித்ததற்கு ஆதாரம் போதாது என்று 2018-இல் அதுவும் ரத்தானது. ஜெயித்தார்கள்தான், ஆனால் தேர்தல் முடிந்து ஒருவருக்கு ஐந்து வருடம், இன்னொருவருக்குப் பத்து வருடம் ஆனது. அவர்கள் அமைச்சர், முதலமைச்சர் அந்தஸ்தில் இருந்தவர்கள், பெரிய வக்கீல்களை வைக்க முடிந்தது. முதல்முறை நிற்கும் உங்கள் நண்பர் தாங்குவாரா?

நடைமுறையில் அவ்வளவு தூரம் போவதற்கு முன்பே சங்கடம் ஆரம்பித்துவிடும். ஒரே புகழுரை இரண்டு பத்திரிகையில் வார்த்தை மாறாமல் வந்தாலே கண்காணிப்புக் குழு பிடித்துவிடும். வேட்பாளருக்கு நோட்டீஸ் போகும். 48 மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால் விளம்பரக் கட்டணத்தைக் கணக்கிட்டு அவர் செலவில் சேர்ப்பார்கள். பிரசாரத்தின் உச்சகட்டத்தில் வீடு வீடாகப் போக வேண்டிய மனிதர், செலவினப் பார்வையாளர் முன்னால் பதில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்படியானால் ஆறு லட்சத்தை என்ன செய்வது?

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பெரும்பகுதியைக் கட்சிக்கே கொடுப்பேன். கட்சியின் பொதுப் பிரசாரச் செலவுக்கு இந்தியாவில் உச்சவரம்பு இல்லை. இது பெரிய ஓட்டை என்பது என் கருத்து. ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது. வங்கிக் கணக்கு வழியாக மட்டும் அனுப்புங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கட்சியின் வரிவிலக்கே சிக்கலாகும். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பழைய வரித்திட்டத்தில் இருந்தால் முழுத் தொகைக்கும் கழிவு கேட்கலாம். புதிய திட்டத்தில் இருந்தால் இந்தக் கழிவு கிடையாது. உங்கள் பெயர் பட்டியலில் வரும். அதற்கு மனசு ஒப்பவில்லை என்றால் தொகையைக் குறைப்பதுதான் வழி.

நண்பருக்கே நேரடியாகக் கொடுக்க விரும்பினால், தேர்தலுக்கென்று அவர் தனியாகத் திறக்கும் வங்கிக் கணக்கில் போடுங்கள். 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக அவர் வாங்கக்கூடாது. உங்கள் பணத்தை அவர் செலவழித்தால் அதுவும் அவருடைய 40 லட்சத்துக்குள் அடங்கும். இதற்கு வரிக்கழிவு கிடையாது. அந்தச் சலுகை கட்சிக்குக் கொடுப்பதற்கு மட்டும். அவர் உங்கள் உறவினர் இல்லை என்பதால், வருடத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் வாங்கியது அவர் வருமானமாகப் பார்க்கப்படுமா என்று அவருடைய ஆடிட்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

விளம்பரம்தான் கொடுப்பேன் என்றால், முதலில் நண்பரிடம் சொல்லுங்கள். அவருடைய கையெழுத்தோடு, எந்தப் பத்திரிகை, எவ்வளவு தொகை என்று குறிப்பிட்ட அனுமதிக் கடிதம் வாங்குங்கள். பில்லின் நகலை அன்றைக்கே அவருடைய தேர்தல் முகவரிடம் கொடுத்துவிடுங்கள். விளம்பரத்தில் உங்கள் பெயர் இருக்கட்டும். வாக்குப்பதிவு நாளிலும் அதற்கு முந்தின நாளிலும் வருவதாக இருந்தால் பத்திரிகை விளம்பரத்துக்கும் முன்சான்று வேண்டும். கட்சிக்காரர்கள் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். வரம்புக்குள் அவருக்கு எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

எதைச் செய்தாலும் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு காரில் போகாதீர்கள். நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமில்லாமல் இருந்தால் பறக்கும் படை எடுத்துக்கொள்ளும் என்பது உங்கள் சந்தைக்காரர்களுக்கே தெரியும்.

மாதிரியில் உள்ள இரண்டு வரிகளுக்கு வருகிறேன். குடும்ப வாழ்க்கை வரியை அடித்துவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தையைப் பற்றிப் பொய்யென்று தெரிந்தே வெளியிடுவது தனிக் குற்றம். உங்கள் நண்பரின் சம்மதத்தோடு வந்தால் அவருடைய வெற்றிக்கும் வேட்டு. ஏரிக்கரை வரி வேறு மாதிரி. பொதுப்பணியைப் பற்றி விமர்சிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, ஆனால் 'கமிஷன் வாங்கினார்' என்பதற்குக் கையில் என்ன காகிதம் இருக்கிறது? தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதிலோ தணிக்கை அறிக்கையோ இருந்தால் அதில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இல்லையென்றால், 'கரை போட்ட வருடமே உடைந்தது ஏன்?' என்று கேளுங்கள். அது உடைந்தது ஊருக்கே தெரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

'எல்லோரும் செய்வதுதானே' என்றும் கேட்டிருக்கிறீர்கள். செய்கிறார்கள். 40 லட்சத்தில் தமிழ்நாட்டில் ஒரு தொகுதி நடக்கிறது என்று நம்பும் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. ஆனால் அவர்கள் செய்வது ரொக்கத்தில், ரசீதில்லாமல், பழகிய ஆட்களை வைத்து. நீங்கள் செய்யப்போவது ஜிஎஸ்டி பில்லோடு, அரைப்பக்க அளவில், தேதி போட்ட நாளிதழில். பிடிபடுவதற்கு இதைவிட வசதியான ஆள் கிடைக்க மாட்டார்.

கடைசியாக, உங்கள் அச்சகக்காரர். அவரைச் சந்தேகப்பட வேண்டாம். சட்டம் தெரிந்த ஆள் அவர். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவின்படி தேர்தல் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவருடைய பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். அடிக்கும் முன் வெளியிடுபவர் இரண்டு பிரதிகளில் உறுதிமொழி கையெழுத்திட்டுத் தர வேண்டும். அவரை நேரில் அறிந்த இரண்டு பேர் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அச்சானதும் உறுதிமொழியின் ஒரு பிரதியும் நோட்டீஸின் ஒரு பிரதியும் கலெக்டருக்குப் போகும். மீறினால் ஆறு மாதம்வரை சிறை, 2,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். நண்பரின் அனுமதிக் கடிதம் கைக்கு வந்த அப்புறம், உங்களைத் தெரிந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போங்கள். மில் ஆட்கள் வேண்டாம், வெளியாட்களாக இருக்கட்டும். எத்தனை பிரதி அடித்தீர்கள் என்பதை அவருடைய பில்லில் எழுதி வாங்குங்கள்.